மூன்றாவது டம்ளர் கலங்கவில்லை

"இந்த ரூம்ல யாரு பொய் சொல்றாங்க, வால்?" மேடம் என் காதருகே குனிந்து கேட்டார்.

சுற்றிப் பார்த்தேன். ஒரு மெஷின், ஒரு பம்ப், பம்ப் பக்கத்தில் முக்காலி போட்டுக் கண் வீங்க உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாள், அப்புறம் நான். "மெஷினைப் பார்த்தா உண்மை பேசுற மாதிரிதான் இருக்கு மேடம்."

"அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார்.

துப்பறியும் தொழில் வட்டாரத்தில் எங்கள் மேடத்துக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். டீ கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உதட்டில் வைப்பார். வீட்டுக்காரர் "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் "ஏன், என்ன ஆச்சு?" என்று கேட்கிற ரகம். நான் அவருடைய உதவியாளன். என்னை 'வால்' என்பார்கள். அவர் பின்னாலேயே போவதால் வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். என் வாய்க்காக வைத்த பெயர் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

நாங்கள் நின்றிருந்தது, கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து தயாரிக்கும் ஒரு சின்ன ஃபேக்டரியின் தண்ணீர் அறை. அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற தொழில். அக்காவை எல்லோரும் பெரியம்மா என்பார்கள், தம்பியை முதலாளி என்பார்கள். ஒவ்வொரு தடவை மருந்து தயாரானதும் முதல் பாட்டிலைப் பெரியம்மாவின் மேஜையில் வைத்துவிட வேண்டும். காலையில் வந்ததும் அதிலிருந்து தன் கண்ணில் விட்டுக்கொள்வார். "என் கண்ணுல விடாததை ஊரான் கண்ணுக்கு அனுப்ப மாட்டேன்" என்பது அவருடைய சட்டம். அப்புறம்தான் விளக்கடியில் உட்கார்ந்து மற்ற பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். தூசு தும்பு இருந்தால் கழித்துவிடுவார். அவர் பார்க்காமல் ஒரு பாட்டில் வெளியே போனதில்லை.

முந்தாநாள் காலை அப்படி விட்டுக்கொண்டவர் அலறிக்கொண்டு கீழே விழுந்தார். பாட்டிலில் காஸ்டிக் சோடா கலந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பார்வை திரும்புமா என்பது இன்று சாயங்காலம் கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

எங்களை வேலைக்கு வைத்தது அந்தப் பெரியம்மாதான். கட்டிலில் படுத்தபடியே மேடத்தின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "யாருன்னு எனக்குத் தெரியணும். கட்டுப் பிரிக்கிறப்ப வந்து சொல்லுங்க" என்றார்.

முதலாளிக்கோ அது யாரென்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஃபேக்டரியில் காஸ்டிக் சோடா இருக்கும் பெட்டியின் சாவி ஒரே ஆளிடம்தான் இருக்கிறது. இந்த மெஷினை ஓட்டுகிற அம்மாளிடம். போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, ஜீப் எந்த நேரமும் வந்துவிடும். கேட்டுக்கு வெளியே அந்த அம்மாளின் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை அணைக்காமலேயே நின்றுகொண்டிருந்தார். ஜீப் கிளம்பினால் பின்னாலேயே போக வேண்டுமே என்று. உள்ளே வரும்போது அவரைப் பார்த்தது எனக்கு என்னவோ செய்தது.

"உங்களை எதுக்குப் 'பதினெட்டு'ன்னு கூப்பிடறாங்க?" என்று மேடம் விசாரணையை ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் மெஷினின் முகப்பைக் காட்டினார். பச்சை எழுத்தில் பதினெட்டு என்று எரிந்துகொண்டிருந்தது. "தண்ணி எப்படி இருக்குன்னு யாரு கேட்டாலும் நான் பதினெட்டுன்னுதாங்க சொல்லுவேன். தண்ணி கரண்டை எவ்வளவு தடுக்குதுன்னு காட்டுற மீட்டரு இது. உப்பு கிப்பு இருந்தாத்தான் தண்ணியில கரண்டு ஓடும். ஒண்ணுமே இல்லாத தண்ணி ஓட விடாது, தடுக்கும். இதுக்கு மேல சுத்தமான தண்ணி கிடையாதுங்க."

"எடுத்த உப்பு எங்க போகுது?"

எதைப் பார்த்தாலும் அது எங்கே போகிறது என்று கேட்பது மேடத்தின் வழக்கம். என் சம்பளத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

"கிணத்துத் தண்ணி மொதல்ல ஆர்.ஓ.வுக்குள்ள போகும். பெரும்பாலான உப்பு அங்கயே நின்னுடும். அதையும் தாண்டி வர்ற மிச்சம் மீதியை இது இழுக்கும். ரெண்டு ஓரத்துலயும் தகடு. ஒண்ணு பிளஸ்ஸு, ஒண்ணு மைனஸு. உப்பு தண்ணியில கரைஞ்சா ரெண்டாப் பிரிஞ்சுடும்ல, பிளஸ்ஸா இருக்கறது மைனஸ் தகட்டுப் பக்கம் ஓடும், மைனஸா இருக்கறது பிளஸ் பக்கம் ஓடும். வழியில சவ்வு இருக்கு. ஒரு சவ்வு பிளஸ்ஸை மட்டும் விடும், இன்னொண்ணு மைனஸை மட்டும் விடும். தாண்டிட்டா திரும்ப முடியாது. பக்கத்து வாய்க்கால்ல விழுந்து சாக்கடைக்குப் போயிடும்."

"புரியுதுக்கா" என்றேன். "சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி. ஆளுக்கொரு கதவு வழியாக் கோவிச்சுக்கிட்டுப் போயி, கடைசியில ரெண்டு பேருமே தெருவுல நிக்கிறாங்க. வீடு சுத்தமாயிடுச்சு."

அந்த நிலைமையிலும் பதினெட்டு லேசாகச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. மெஷினுக்கு நடுவே நிரப்பியிருந்த மணிகளைப் பற்றிக் கேட்டார்.

"அது ரெசினுங்க. உப்பைப் பிடிச்சு மணிக்கு மணி கை மாத்திவிடும். பழைய மெஷின்ல மணி சோர்ந்து போச்சுன்னா ஆசிட்டும் காஸ்டிக்கும் ஊத்திக் கழுவணும். இதுல கரண்டே தண்ணியைக் கொஞ்சம் உடைச்சு மணியைப் புதுசாக்கிக்கும். ஆசிட்டு, காஸ்டிக்கு சங்காத்தமே வேணாம்னுதான் முதலாளி இதை வாங்கினாரு."

"சங்காத்தமே வேணாம்னா உங்க பெட்டியில எதுக்குக் காஸ்டிக்?"

"ஆர்.ஓ.வுக்கு முன்னால வடிகட்டி இருக்குல்லீங்க, அதைக் கழுவத்தான். இந்தத் தொட்டியில கிணத்துத் தண்ணியப் பிடிச்சுக் கரைப்பேன்."

மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி கிடந்தது. உள்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. மேடம் நகத்தால் சுரண்டினார். "இது என்ன, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி?"

"இந்தக் கிணத்துல சுண்ணாம்பு ஜாஸ்திங்க. காஸ்டிக் போட்ட உடனே தண்ணி வெளுத்துப் போயிடும், பால் ஊத்தின மாதிரி. எத்தனை தேய்ச்சாலும் போகாது."

மேடம் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். பெரியம்மா கண்ணில் விட்டுக்கொண்ட அதே பாட்டில். ஆஸ்பத்திரியில் சோதித்தது போக மிச்சம் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார். உள்ளே வைத்துவிட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்னையும் சந்தேகப்படுவார்.

"சுத்தமான தண்ணி வர்ற குழாய் எங்க இருக்கு?"

"இங்க கிடையாதுங்க. காத்துப் பட்டாலே நம்பர் எறங்கிடும். மூடின பைப்புலயே லேப்புக்குப் போகுது, மருந்து ரொப்புற ரூமுக்குப் போகுது, அவ்வளவுதான். ரொப்புற ரூம்ல எந்நேரமும் ஆளுங்க கும்பலா இருப்பாங்க, நான் போக முடியாது. தயார் பண்றது நான்தான், ஆனா அந்தத் தண்ணியை நான் தொட்டதுகூட இல்லை." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்லட்டுங்களா? பெரியம்மாவுக்கு அப்படி ஆனதுக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அப்ப லேப் லைன் ரொம்ப நேரம் ஓடுச்சு. தண்ணி இழுத்தா பம்ப் சத்தம் மாறும். எனக்கு அது தெரியும்."

மேடத்தின் புருவம் ஏறியது. "வால், லேப்புக்கு" என்றார்.

முற்றத்தைத் தாண்டித்தான் லேப். நடுவில் ஒரு லாரி நின்றது, பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேடம் அதையும் ஒரு பார்வை பார்த்தார். அவர் பார்க்காத பொருள் உலகத்தில் கிடையாது என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லேப்புக்குத் தலைவர் முதலாளியின் மனைவியோடு கூடப்பிறந்தவர். முதலாளி அவரை 'மச்சான்' என்று கூப்பிடப் போக, ஃபேக்டரி முழுக்க அவர் 'மச்சான் சார்' ஆகிவிட்டார். வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இங்க என்னங்க வேலை? குத்தவாளி அங்க உக்காந்திருக்கா. லேப்ல கண்டவங்க எல்லாம் நுழையக் கூடாது."

"நாங்க கண்டவங்க இல்லை, காணாததைக் கண்டுபிடிக்கிறவங்க" என்றேன். அதற்குள் மேடம் அவர் கைக்கடியில் புகுந்து உள்ளே போய்விட்டார்.

நீளமான மேஜை. அதன் கோடியில் வளைந்த கழுத்தோடு ஒரு குழாய், அதுதான் சுத்தத் தண்ணீர். பக்கத்தில் அதே மாதிரிப் பச்சை எண். கதவோரம் கை கழுவுகிற பேசின், அதற்குச் சாதாரணக் குழாய். மேடம் ஒரு பீக்கரில் சுத்தத் தண்ணீரைப் பிடித்து மீட்டரின் கம்பியை அதில் வைக்கச் சொன்னார். பின் என்னைப் பார்த்து, "விரலை விடு" என்றார்.

விட்டேன். எண் பொத்தென்று விழுந்தது.

"மேடம், காலையில சோப்புப் போட்டுக் குளிச்சேன்!"

"உன் வேர்வை உப்புக்கே மீட்டர் இப்படி மயக்கம் போடுது. காஸ்டிக் கரைஞ்சாலும் பிளஸ், மைனஸ்னுதான் பிரியும். ஒரு துளி அந்தப் பைப்புல வந்திருந்தாலும் நம்பர் நின்னிருக்காது." மச்சானிடம் திரும்பினார். "அந்தத் தயாரிப்புல மத்த பாட்டிலையெல்லாம் சோதிச்சீங்களா?"

"சோதிச்சாச்சு. எதுலயும் காஸ்டிக் இல்லை."

"அப்ப மெஷின் மேல தப்பில்லை. அந்த அம்மா வடிகட்டியைக் கழுவி அலசாம விட்டதால வந்ததும் இல்லை."

எனக்கு மனது குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி மச்சான் வாயைத் திறக்கிற வரைக்கும்தான்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்!" என்றார் மச்சான், ஏதோ பரிசு வாங்கியவர் போல. "கவனக்குறைவா இருந்தா வேலையை விட்டு அனுப்பிட்டு விட்டுடலாம். இது வேணும்னே அந்த ஒரு பாட்டில்ல கலந்தது. போன வாரம் பெரியம்மா அவளை எல்லார் முன்னாலயும் திட்டினாங்க. சாவி யாருகிட்ட இருக்கு? அவகிட்ட. இதுக்கு மேல என்ன வேணும்?"

மெஷினைக் காப்பாற்றப் போய் அந்த அம்மாளை இன்னும் ஆழமாகக் குழியில் தள்ளிவிட்டோம். மேடமோ அலட்டிக்கொள்ளவில்லை. மேஜைக்கடியில் குனிந்து ஒரு துணியை விலக்கினார். அங்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன், நிறையத் தண்ணீர்.

"முந்தாநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப இந்தக் குழாயைத் திறந்தது நீங்கதானே?"

மச்சானுக்கு முகம் வெளிறிவிட்டது. உதட்டை நக்கிக்கொண்டார். "மேடம்... முதலாளி மாமாகிட்ட சொல்லிடாதீங்க. அது... வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு. பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டாரு. தண்ணி நிறைச்சுட்டு ஓடிட்டேன், லேப்பைப் பூட்டக்கூட இல்லை."

"பூட்டலையா?"

"சாப்பாடு ஆறிடும்ல."

உலகத்திலேயே சுத்தமான தண்ணீர், பக்கத்து வீட்டுப் பேட்டரிக்குப் போகிறது. நான் சிரித்துவிட்டேன். ஆனால் மேடம் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத் திருட்டை ஒப்புக்கொள்கிறவன் அதற்குள் பெரிய திருட்டை ஒளிக்கலாம் என்று அவர் முன்பு ஒரு வழக்கில் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. எனக்கு மச்சான் மேல் சந்தேகம் கெட்டியாகிவிட்டது.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் முன்னால் வர, பின்னால் முதலாளி வந்தார். அவரோடு பதினெட்டும். அவர் முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். தங்கமான மனிதர். காலையில் நாங்கள் வந்ததும் அவரே எழுந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். எங்கள் டம்ளர்களை மூன்று தடவை அலசிவிட்டுத்தான் ஊற்றினார். "பீக்கர் கழுவி முன்னுக்கு வந்தவன் சார் நான். இந்த லேப் ஒரு காலத்துல என்னோடது" என்று சிரித்தார். என் மனைவி மட்டும் அதைப் பார்த்திருந்தால் அன்றிலிருந்து பாத்திரம் கழுவுவது என் வேலையாகியிருக்கும். அக்காவைப் பற்றிப் பேசும்போது அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன்.

"கிளம்பலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரே ஒரு சோதனை சார்" என்றார் மேடம். "பாட்டிலோட சொட்டு விடுற மூக்கை யாரும் கழட்டவே இல்லை. அதுல இருக்கிற ஓட்டை ஊசி நுழையற அளவுதான். காஸ்டிக்கோ செதில் செதிலா இருக்கும், அந்த ஓட்டையில போகாது. முதல்ல தண்ணியில கரைச்சு, ஊசியில ஏத்தி உள்ள விட்டிருக்கணும். அதுக்குக் கை நடுங்காம இருக்கணும். இங்க மூணு பேருக்குக் காஸ்டிக்கைக் கையாளத் தெரியும். மூணு பேரும் ஆளுக்கொரு டம்ளர்ல கரைச்சுக் கொண்டு வரட்டும். யாரு கை நடுங்குதுன்னு பார்க்கலாம்."

"நானுமா?" முதலாளி சிரித்தார். "சரி, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

மூன்று கண்ணாடி டம்ளர், மூன்று கரண்டி செதில். "எங்க வேணா போய்க் கரைச்சுக்கிட்டு வாங்க. அவசரமில்லை" என்ற மேடம், என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வால் வேலை. பின்னாலேயே போக வேண்டும்.

பதினெட்டு நேரே தன் அறைக்கு ஓடினார். தொட்டிப் பக்கத்துக் குழாயில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக் கலக்கினார். அவர் கை இலை மாதிரி நடுங்கியது. திரும்பி வந்தால் மச்சான் கதவோரத்துப் பேசினில் டம்ளரை நீட்டி, பாதியை வழியவிட்டு, பேனாவால் கலக்கிக்கொண்டிருந்தார். லேப் தலைவர்! அவர் கை நடுங்கவே இல்லை. என் சந்தேகம் மேலும் கெட்டியாகியது.

முதலாளி மட்டும் மேஜையின் கோடிக்குப் போனார். வளைந்த குழாயைத் திறந்து தண்ணீரைச் சற்று ஓடவிட்டார். பச்சை எண் ஏறும்வரை காத்திருந்தார். டம்ளரை அலசிக் கொட்டினார், அலசிக் கொட்டினார், அலசிக் கொட்டினார். பிறகுதான் பிடித்து, செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கண்ணாடிக் குச்சியால் நிதானமாகக் கலக்கினார். பார்க்கவே அழகாக இருந்தது.

மூன்று டம்ளரும் மேஜை மேல் வரிசையாக வந்தன. காஸ்டிக் கரைந்த சூட்டில் மூன்றும் தொட்டால் சுட்டன.

பதினெட்டின் டம்ளர் பால் மாதிரி வெளுத்திருந்தது. மச்சானுடையதும் அப்படியே, கொஞ்சம் இளசாக.

"என்ன மச்சான் இது!" முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "பேசின் தண்ணியிலயா கரைப்பாங்க? இத்தனை வருஷமா லேப்ல இருக்கீங்க, ஒரு பழக்கம் வேணாமா? இங்க பாருங்க, இப்படி இருக்கணும்." தன் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அந்தப் பக்கம் இருந்த இன்ஸ்பெக்டரின் சட்டைப் பொத்தான் தெளிவாகத் தெரிந்தது.

மேடம் கைப்பையைத் திறந்தார். பெரியம்மாவின் பாட்டிலை எடுத்து அந்த மூன்றாவது டம்ளர் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே தெளிவு.

முதலாளியின் கை டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டது.

"இந்த ஊர்த் தண்ணி எதுல காஸ்டிக்கைப் போட்டாலும் வெளுக்கும்" என்றார் மேடம் மெதுவாக. "கிணத்துத் தண்ணி வெளுக்கும், பேசின் தண்ணி வெளுக்கும், குடிக்கிற தண்ணிகூட லேசாக் கலங்கும். அந்த அம்மா கரைச்சு ஊசியில ஏத்தியிருந்தா பாட்டில்ல பால் திரிஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கும். தினமும் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிற பெரியம்மா அதைக் கண்ணுல விட்டிருக்க மாட்டாங்க. இதைப் பண்ணின ஆளு, விஷம் கலக்கறப்பகூட டம்ளரை அலசியிருக்காரு. சுத்தத் தண்ணியில கரைச்சிருக்காரு. யோசிச்சுச் செய்யலை. கை தானாப் போயிருக்கு."

"அந்தக் குழாய்ல மச்சானும்தானே தண்ணி எடுப்பாரு!" என்றார் முதலாளி. குரல் மாறிவிட்டிருந்தது.

"எடுத்தாரு. பேட்டரிக்கு" என்றேன் நான். மச்சான் என்னை முறைத்தார். உண்மையில் அவர் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சோம்பேறித்தனத்தால் ஒரு மனிதன் நிரபராதி ஆனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவரு சாப்பிடப் போனாரு, பூட்டாமப் போனாரு" என்றார் மேடம். "பம்ப் ரொம்ப நேரம் ஓடிச்சுன்னு அந்த அம்மா சொன்னாங்க. ஒரு கேன் நிரம்ப அத்தனை நேரம் ஆகாது. அவருக்கு அப்புறம் இன்னொருத்தர் வந்து குழாயை ஓடவிட்டு, நம்பர் ஏறட்டும்னு நின்னிருக்காரு. காஸ்டிக்குக்குப் பெட்டிச் சாவிகூட வேணாம். பழைய மெஷின் காலத்து மிச்சம் இந்த லேப் அலமாரியிலயே இருக்குமே?"

மச்சான் அலமாரியைத் திறந்தார். அடித்தட்டில் ஒரு பழைய ஜாடி. தூசு படிந்திருந்த மூடியில் புதிதாக விரல் பட்ட தடம் இருந்தது.

"எதுக்குங்க?" என்று கேட்டது பதினெட்டு. கோபமாகக் கேட்கவில்லை. நம்ப முடியாமல் கேட்டார். "உங்க கூடப்பிறந்த அக்காங்க."

பதிலுக்குப் பதிலாக மேடம் என்னை முற்றத்துக்கு அனுப்பினார். லாரியில் ஏறிய பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, பெரியம்மா பார்க்கிற விளக்கடியில், கறுப்புப் பலகைக்கு முன்னால் பிடித்துத் திருப்பினார். முடியை விட மெல்லிய நார்கள் உள்ளே சுற்றிச் சுற்றி இறங்கின. இன்னொரு பாட்டிலிலும் அப்படியே.

"புது வடிகட்டித் துணி" என்றார் முதலாளி. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நான்தான் வாங்கினேன். நார் விட்டுடுச்சு. ரொப்பி முடிச்ச அப்புறம்தான் பார்த்தேன். அக்கா பார்த்தா மொத்தத்தையும் கொட்டிடுவா. அவ கேட்க மாட்டா. யாரு சொன்னாலும் கேட்க மாட்டா. ரெண்டு நாள், வெறும் ரெண்டு நாள் கண்ணு சிவந்து வீட்டுல இருந்தா போதும்னு நினைச்சேன். கொஞ்சம்தான் போட்டேன். அவ்வளவு கொஞ்சத்துக்கு இப்படி ஆகும்னு..." முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அப்புறம் பழியைப் போட ஒரு ஆளு வேணும், அதுக்கு இந்த அம்மா" என்றார் மேடம். அவர் குரலில் இரக்கம் இல்லை. எனக்கும் இல்லை.

இன்ஸ்பெக்டர் லாரியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் கேட்டுக்கு ஓடிப்போய் அந்த ஸ்கூட்டர்காரரிடம், "அண்ணே, வண்டியை அணைச்சுடுங்க. அக்கா வீட்டுக்கு வர்றாங்க" என்றேன். அவர் சாவியைத் திருப்பினார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே அழுதார்.

முதலாளி ஜீப்பில் ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "அக்காகிட்ட நானே சொல்றேன் சார்."

ஆஸ்பத்திரி அறையில் திரைகளை மூடி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். இன்ஸ்பெக்டர் கதவுக்கு வெளியே நின்றார். மேடமும் நானும் சுவரோரம். கட்டில் பக்கத்தில் தம்பி.

பெரியம்மா இமையை மெல்லத் திறந்தார். வலது கண் வெள்ளையாக இருந்தது. இடது கண் அலைந்தது, தேடியது, ஒரு முகத்தில் போய் நின்றது.

"தம்பி! தெரியுதுடா. உன் முகம் தெரியுது." அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டியாடா? ஏன் இப்படி இளைச்சுட்டே?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "வந்துட்டீங்களாம்மா. யாருன்னு தெரிஞ்சுதா?"

எதற்கும் தயங்காத எங்கள் மேடம் முதல் தடவையாகத் தரையைப் பார்த்தார். அதற்குள் பெரியம்மாவுக்கு வேறு நினைவு வந்துவிட்டது. "அது இருக்கட்டும். சரக்கு என்ன ஆச்சு? நான் பார்க்காம எதையும் அனுப்பலையே?"

"லாரியில ஏத்திட்டாங்க" என்றார் மேடம். "நாங்க நிறுத்திட்டோம். உள்ள நார் இருந்துச்சு."

"யாரு ஏத்தச் சொன்னது?"

பெரியம்மா தம்பியின் கையை விடாமலேயே அவனைத் திரும்பிப் பார்த்தார். பாட்டிலைப் பார்ப்பது போலத் தலையைச் சற்றுச் சாய்த்து, அந்த ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். அவன் நிமிரவில்லை.

"அதுக்குத்தானாடா?" என்றார்.

அவன் தலை கட்டில் விளிம்பில் போய் முட்டியது. "அக்கா" என்று மட்டும் வந்தது. சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தவனுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

பெரியம்மா அவன் கையிலிருந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"மறுபடி கட்டுப் போட்டுடுங்கம்மா" என்றார் டாக்டரிடம். "வெளிச்சம் கூசுது."

ஜன்னல் திரைகள் எல்லாம் மூடித்தான் இருந்தன.